மதியம் ஆனால் குறையும் டி வரிசை: ஒரு பிளேட் ரீடர் கோளாறின் ஆய்வு

ஆய்வகத்திலிருந்து வந்த புகார் இதுதான்: "சார், காலையில எல்லாம் சரியா வருது. மத்தியானத்துக்கு மேல டி வரிசையில மட்டும் அடர்த்தியான குழிகள் குறைச்சலா காட்டுது. திரும்பத் திரும்ப வச்சுப் பார்த்தாலும் அதே எண்தான்." பழுது பார்ப்பவருக்குத் தேவையானது எல்லாம் இந்த மூன்று வாக்கியங்களிலேயே இருக்கிறது. நேரம் ஆக ஆகக் கூடுகிறது, ஒரே வரிசையில் வருகிறது, அடர்த்தியான குழிகளை மட்டும் தாக்குகிறது, ஆட்டம் இல்லாமல் நிலையாக இருக்கிறது. கடைசிக் குறிப்புதான் எல்லோரையும் ஏமாற்றியது. எண் ஆடாமல் நின்றால் கருவி நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம்.

கருவி 96 குழித் தட்டைப் படிக்கும் எலைசா ரீடர்: ஒவ்வொரு குழியின் வழியேயும் ஒளியைச் செலுத்தி, அதிலுள்ள திரவத்தின் நிறம் எவ்வளவு அடர்த்தி என்று அளப்பது. ஹாலஜன் விளக்கு, ஒளியின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் ஃபில்டர் சக்கரம், எட்டுக் கிளையாகப் பிரியும் ஒளியிழை, தட்டுக்குக் கீழே ஒளியை உணரும் எட்டு போட்டோடையோடுகள் என்று பழகிய அமைப்புதான். தட்டு 12 நெடுவரிசைகளாக நகரும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏ முதல் எச் வரை எட்டுக் குழிகளும் ஒரே நேரத்தில் படிக்கப்படும். ஆகவே டி வரிசையின் 12 குழிகளையும் ஒரே போட்டோடையோடுதான் பார்க்கிறது. உள்ளே 37 டிகிரியில் தட்டைச் சூடாக வைக்கும் இன்குபேட்டரும் உண்டு. இந்த இன்குபேட்டர் கதையில் பின்னால் வரும்.

கோளாறு ஏன் இத்தனை நாள் ஒளிந்திருந்தது

இந்த ஆய்வகத்தில் எல்லா மாதிரியையும் இரட்டையாக, பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் வைப்பார்கள்: டி1, டி2 என்று. இரண்டும் ஒரே வரிசை, ஒரே போட்டோடையோடு, ஒரே ஆம்ப்ளிஃபையர். தவறினால் இரண்டும் சேர்ந்தே தவறும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மென்பொருள் கணக்கிட்டு, "அருமையாக ஒத்துப்போகிறது" என்று பச்சை விளக்கு காட்டிவிடும். இரட்டையை வைப்பதென்றால் ஒன்றை டியிலும் மற்றொன்றை எச்சிலும் வைப்பது எவ்வளவோ மேல். குழிகளில் திரவத்தை விடும் பிபெட்டைப் பிடிப்பவருக்கு அது கொஞ்சம் சிரமம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

கடைசியில் ஒரு வலுவான கன்ட்ரோலை, அதாவது விடை முன்பே தெரிந்த சோதனைத் திரவத்தை, தற்செயலாக டி12இலும் எச்12இலும் வைத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டிலும் ஒரே திரவம். எச் கிட்டத்தட்ட 3 ஓ.டி. (ஆப்டிகல் டென்சிட்டி, ஒளி அடர்த்தி) காட்டியது, டி 2.7 காட்டியது.

0.3 என்பது பார்க்கச் சின்ன எண். ஆனால் ஓ.டி. ஒரு லாக் அளவு. உள்ளே போன ஒளியை வெளியே வந்த ஒளியால் வகுத்து, அதற்கு 10 அடிப்படையில் லாக் எடுத்தால் ஓ.டி. கிடைக்கும். 3 ஓ.டி. என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி கடந்து வருகிறது. 2.7 என்றால் ஐந்நூறில் ஒரு பங்கு. அதாவது அந்தக் குழியின் வழியே வந்ததைப்போல் இரண்டு மடங்கு ஒளி வந்ததாக கருவி நினைத்துக்கொண்டிருந்தது.

ஒளி எப்படி எண்ணாகிறது

போட்டோடையோடில் ஒளி விழுந்தால் அதற்கேற்ப மிகச் சிறிய மின்னோட்டம் வரும். அதை ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சில்லு ஒன்று பின்னூட்ட ரெசிஸ்டர் வழியாக இழுத்து வோல்டாக மாற்றும். ஓட்டத்தை ரெசிஸ்டரின் மதிப்பால் பெருக்கினால் வோல்ட், அவ்வளவுதான். இந்தக் கருவியில் ரெசிஸ்டர் 200 மெகாஓம். ஆக 5 நானோஆம்பியருக்கு 1 வோல்ட். எட்டுச் சேனல்களின் வோல்டையும் ஒரு மல்டிப்ளெக்சர் ஒவ்வொன்றாகத் தேர்ந்து, வோல்டை எண்ணாக்கும் 16 பிட் மாற்றியிடம் கொடுக்கிறது. 5 வோல்டை 65,536 படிகளாகப் பிரித்தால் ஒரு படி சுமார் 76 மைக்ரோவோல்ட்.

விளக்கின் ஏற்ற இறக்கத்துக்கும் வழி வைத்திருக்கிறார்கள். டங்ஸ்டன் இழை விளக்கின் வெளிச்சம் வோல்டேஜின் மூன்றாம் அடுக்குக்கும் சற்று மேலாக மாறும். வோல்டேஜ் 1 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் மூன்று சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். அதனால் விளக்குக்கு நிலைப்படுத்திய மின்சாரம் தருகிறார்கள். போதாதென்று ஒன்பதாவதாக ஓர் இழையைத் தட்டுக்குப் போகவிடாமல் நேரே ஒப்பீட்டு போட்டோடையோடுக்குக் கொண்டுபோகிறார்கள். ஒவ்வொரு அளவும் இந்த ஒப்பீட்டால் வகுக்கப்படும். மின்கம்பி இரைச்சலுக்கும் ஏற்பாடு உண்டு. ஓர் அளவை 20 மில்லிவினாடி சேர்த்து எடுத்தால் 50 ஹெர்ட்ஸ் அலை தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

எல்லாம் நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் இவை எல்லாமே பெருக்கல் வகைப் பிழைகளுக்கான மருந்து. விளக்கு மங்கினாலும், டி இழையின் முனையில் தூசி படிந்தாலும், ரெசிஸ்டர் மதிப்பு ஒரு சதவீதம் நகர்ந்தாலும், உள்ளே போன ஒளியின் அளவும் வெளியே வந்ததன் அளவும் ஒரே விகிதத்தில் மாறும். வகுக்கும்போது அடிபட்டுப் போகும். கூட்டல் வகைப் பிழை அப்படி அடிபடாது. ஒளியே இல்லாதபோதும் சேனலில் ஏதோ ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தால், அது ஒவ்வொரு அளவோடும் ஒட்டிக்கொண்டே வரும். தராசுத் தட்டில் ஒட்டிய குன்றிமணி மூட்டை நிறுக்கும்போது தெரியாது, பொன் நிறுக்கும்போது தெரியும் அல்லவா, அதே சங்கதிதான்.

இந்தக் கூட்டல் பிழைக்கும் ஒரு மருந்து உண்டு. ஃபில்டர் சக்கரத்தில் ஓர் இடம் ஒளிபுகாமல் அடைத்திருக்கும். அதை ஒளிப்பாதையில் நிறுத்தி, ஒளியில்லா நிலையின் அளவை, அதாவது டார்க் ரீடிங்கை எடுத்து, பிறகு வரும் எல்லா அளவிலிருந்தும் கழிக்க வேண்டும். பல கருவிகள் ஒவ்வொரு தட்டுக்கு முன்னும் இதைச் செய்யும். இந்தக் கருவி ஸ்விட்ச் போட்டதும் ஒரு தடவை எடுத்து வைத்துக்கொண்டு, அணைக்கும்வரை அதையே கழித்துக்கொண்டிருந்தது. காலை எட்டு மணியின் இருளை மாலை நாலு மணி அளவிலிருந்து கழிப்பது என்ன நியாயம்? வடிவமைப்பில் இது பெரிய குறை என்பது என் கருத்து.

எண்ணிக்கையை வைத்துப் பார்த்தபோது

திறந்து பார்ப்பதற்கு முன் தாளில் கணக்குப் போட்டேன். 450 நானோமீட்டர் அலைநீளத்தில் காலிக் குழி வழியே வரும் ஓட்டம் சுமார் 5 நானோஆம்பியர். 3 ஓ.டி. குழி வழியே அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 5 பிகோஆம்பியர். அது இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமானால் இன்னொரு 5 பிகோஆம்பியர் எங்கிருந்தோ சேர வேண்டும். அதையே மற்ற அடர்த்திகளில் சேர்த்துப் பார்த்தால், 2 ஓ.டி. குழி 1.96 காட்ட வேண்டும், 1 ஓ.டி. குழி 0.996, அரை ஓ.டி. குழி 0.499. அரை ஓ.டி.யில் வரும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. தினசரி தரச் சோதனைக்கு அவர்கள் வைத்திருந்த கன்ட்ரோல் அரை ஓ.டி. சுற்றுவட்டாரத்தில்தான் இருந்தது. ஆகவே சோதனை தினமும் தேறியது.

இரைச்சல் காரணமாக இருக்குமோ என்றும் பார்த்தேன். 200 மெகாஓம் ரெசிஸ்டரின் வெப்ப இரைச்சல், 20 மில்லிவினாடி அளவுக்கு, சுமார் 45 ஃபெம்டோஆம்பியர்தான் வருகிறது. 5 பிகோஆம்பியரில் அது நூற்றில் ஒரு பங்குக்கும் கீழ். தவிர, இரைச்சல் என்றால் எண் ஆடும். இங்கே எண் ஆடவே இல்லை.

அப்புறம் நேரே கருவியிடமே போனேன். தட்டை 180 டிகிரி திருப்பி வைத்துப் படிக்கச் செய்தேன். திருப்பினால் இ வரிசைக் குழிகள் டி போட்டோடையோடின் மேல் வரும். குறை டி இடத்திலேயே நின்றது. ஆகவே தட்டும் திரவமும் பிபெட்டும் குற்றமற்றவை. ஃபில்டரில் ஓட்டை விழுந்திருந்தால் எட்டு வரிசையும் கெட்டிருக்கும். அதுவும் இல்லை.

மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று, பக்கத்திலிருந்து கசியும் ஒளி, குழியைத் தொடாமலே டி போட்டோடையோடுக்கு வந்து சேருவது. இரண்டு, மின்கசிவு. ஓ.டி. எண்ணை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. ஆயிரத்தில் ஒரு பங்கு கசியும் ஒளியும் 3ஐ 2.7 ஆக்கும், 5 பிகோஆம்பியர் மின்கசிவும் 3ஐ 2.7 ஆக்கும். இரண்டும் ஒரே முகமூடி போட்டு வரும்.

பிரிக்கும் வழி விளக்கில் இருக்கிறது. கசியும் ஒளி விளக்கைச் சார்ந்தது. விளக்கைப் பாதியாகக் குறைத்தால் அதுவும் பாதியாகும், ஓ.டி. 2.7லேயே நிற்கும். மின்கசிவுக்கு விளக்கைப் பற்றிக் கவலை இல்லை. ஒளி பாதியானாலும் அது 5 பிகோஆம்பியராகவே இருக்கும், பிழை பெருகும். கணக்குப்படி 2.52க்கு இறங்க வேண்டும். விளக்குக்கு முன் ஒளியைப் பாதியாக்கும் சாம்பல் கண்ணாடி ஒன்றை வைத்து, மதியம் 3 ஓ.டி. சோதனைக் கண்ணாடியைப் படிக்கச் செய்தேன். டி 2.5 பக்கம் இறங்கியது. மற்ற ஏழும் அசையவில்லை.

இதையே ஆய்வகத்தினர் வேறு விதத்தில் ஏற்கெனவே கவனித்திருந்தார்கள். 405 நானோமீட்டர் சோதனையில் டி இன்னும் மோசமாக இருக்கிறது, 630இல் பெரிதாகத் தெரியவில்லை என்றார்கள். ஃபில்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து 405 ஃபில்டரை மாற்றியும் விட்டிருந்தார்கள். உண்மையில் ஹாலஜன் விளக்கு ஊதாப் பக்கத்தில் மிகக் குறைவாகத்தான் எரியும், சிலிக்கான் போட்டோடையோடின் உணர்வும் அந்தப் பக்கம் குறைவு. இந்தக் கருவியில் காலிக் குழி ஓட்டம் 630இல் 20 நானோஆம்பியர் என்றால் 405இல் 2 நானோஆம்பியர்தான். அதே 5 பிகோஆம்பியர் கசிவு, 3 ஓ.டி.யை 630இல் 2.90 ஆக்கும், 405இல் 2.46க்கு இழுத்துவிடும். ஒளி குறையக் குறைய வளரும் பிழை என்றால் என் சந்தேகம் முதலில் போவது பூஜ்ஜியத்தின் மேல்தான்.

உறுதிப்படுத்த சர்வீஸ் மெனுவில் நுழைந்து, ஒளியை அடைத்துவிட்டு, எட்டுச் சேனல்களின் கழிக்காத எண்களைப் பார்த்தேன். 5 பிகோஆம்பியர், 200 மெகாஓம் என்றால் 1 மில்லிவோல்ட், அதாவது 13 படிகள். காலை எண்ணோடு ஒப்பிட்டால் டி மட்டும் அந்த அளவு மேலே ஏறி நின்றது. 65,536இல் 13. கோளாறின் மொத்த உருவமே அவ்வளவுதான்.

போர்டைத் திறந்தபோது

தட்டின் மேடைக்குக் கீழே போட்டோடையோடு போர்டு. எப்போதோ ஒரு தட்டு தளும்பி, சோதனையில் பயன்படும் உப்புக் கரைசலான பஃபர் திரவம் உள்ளே சொட்டியிருக்கிறது. டி போட்டோடையோடின் காலிலிருந்து ஆப்-ஆம்ப் நுழைவுக்கால் வரை லேசான வெள்ளைப் படலம். நேரே பார்த்தால் தெரியாது, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பூத்ததுபோல் தெரிந்தது. அந்தப் படலத்தின் மறுகரையில் 5 வோல்ட் மின்தடம் ஓடுகிறது.

5 வோல்டிலிருந்து 5 பிகோஆம்பியர் கசிய எவ்வளவு தடை வேண்டும்? ஒரு லட்சம் கோடி ஓம். சாதாரண மல்டிமீட்டரை அங்கே வைத்தால் "திறந்த சுற்று" என்றுதான் காட்டும். வேறு எந்தச் சுற்றிலும் அதைக் காப்பு என்றே சொல்வோம். நானோஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கும் இந்தச் சுற்றுக்கு மட்டும் அது ஓட்டை.

காலையில் சரி, மதியம் தவறு என்பதும் இங்கே விளங்கியது. பஃபரில் கரைந்திருப்பது பெரும்பகுதி உப்பு. உலர்ந்த உப்புப் படலம் ஏறக்குறைய மின்கடத்தாது. ஈரத்தை இழுத்துக்கொண்டால் கடத்தும். சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தை எட்டினால் தானே கரையத் தொடங்கும். அதற்குக் கீழேயும் அழுக்குப் படலம் ஈரம் பிடிக்கத்தான் செய்யும். இரவு முழுக்க அணைந்திருக்கும் கருவி, குளிரூட்டிய அறையின் உலர்ந்த காற்றில் உள்ளே காய்ந்துவிடுகிறது. காலையில் ஸ்விட்ச் போடும்போது டார்க் ரீடிங் சுத்தமாக வருகிறது. பிறகு 37 டிகிரியில் மூடியில்லாத தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய் ஆவி விடுகின்றன. அந்த ஆவி கீழேயிருக்கும், தட்டைவிடக் குளிர்ந்த போர்டில் படிகிறது. மதியத்துக்குள் கசிவு வளர்ந்துவிடுகிறது. கழிக்கப்படுவதோ காலையின் உலர்ந்த இருள்.

மின்னல்வேக ஒளி வீசும் செனான் ஃபிளாஷ் விளக்குக் கருவி ஒன்றில் இதே படலம் படிந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஃபிளாஷ் சில மைக்ரோவினாடிகளில் முடிந்துவிடும். அதற்குச் சற்று முன் எடுத்த இருள் அளவைக் கழிப்பது அந்தச் சுற்றுகளில் வழக்கம். மெதுவாக நகரும் கசிவு அந்தக் கழித்தலில் காணாமல் போய்விடும். அங்கே தலைவலி வேறு. ஒவ்வொரு ஃபிளாஷும் ஒரே அளவு எரியாது, ஆகவே ஒப்பீட்டு போட்டோடையோடு இல்லாமல் ஓர் எண்ணைக்கூட நம்ப முடியாது.

சரிசெய்த விதம்

முதலில் வெந்நீர் அல்ல, ஆல்கஹாலும் அல்ல, அயனி நீக்கிய தண்ணீர். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் உப்பு சரியாகக் கரையாது. அதை மட்டும் போட்டுத் துடைத்தால் உப்பை இன்னும் பரப்பித்தான் விடுவோம். போர்டைக் கழற்றி, மென்மையான தூரிகையால் தண்ணீரில் கழுவி, இன்னொரு முறை சுத்தமான தண்ணீரில் அலசி, அதன் பிறகு ஆல்கஹாலில் அலசித் தண்ணீரை வெளியேற்றினேன். பின் மிதமான சூட்டில் நன்றாக உலர்த்தினேன். போட்டோடையோடு சன்னல்களை லென்ஸ் தாளால் தனியாகத் துடைத்தேன். உலர்ந்த பிறகு அந்த நுழைவுக்கால் பகுதியை வெறும் விரலால் தொடவே கூடாது. விரல் ரேகையிலும் உப்புதான் இருக்கிறது.

இந்த போர்டில் நுழைவுக்காலைச் சுற்றி காவல் வளையம் இல்லை. நுழைவுக்கால் இருக்கும் அதே மின்னழுத்தத்தில் அதைச் சுற்றி ஒரு செம்புத் தடம் ஓடினால், வெளியிலிருந்து வரும் கசிவு அந்தத் தடத்தோடு நின்றுவிடும். உள்ளே போக மின்னழுத்த வேறுபாடே இருக்காது. செலவே இல்லாத ஒரு கோடு, போர்டு வரையும்போதே போட்டிருக்கலாம். போட்ட போர்டில் பின்னால் சேர்க்க வழியில்லாததால், ஈரம் புகாத காப்புப் பூச்சு ஒன்றை மெல்லிதாகப் பூசினேன். பூச்சுக்கு முன் போர்டு முழுக்கக் காய்ந்திருப்பது முக்கியம். இல்லையென்றால் ஈரத்தையும் உப்பையும் உள்ளே வைத்து மூடிவிடுவோம், பிறகு அதை எடுக்கவே முடியாது.

சர்வீஸ் மெனுவில் டார்க் ரீடிங்கை ஒவ்வொரு தட்டுக்கும் முன் எடுக்கும் தேர்வு இருந்தது, அணைத்து வைத்திருந்தார்கள். தட்டுக்குச் சில வினாடி மிச்சம் ஆகும் என்பதற்காக இருக்கலாம். அதை இயக்கினேன். இது மட்டுமே புகாரை நிறுத்தியிருக்கும், ஆனால் படலத்தை அப்படியே விட்டுவைத்திருக்கும். நாளைக்குக் கசிவு நூறு மடங்கானால், கழித்தாலும் அதன் ஆட்டம் மிஞ்சும். ஆகவே இரண்டையும் செய்தேன்.

சோதனைக்கு, 37 டிகிரியில் தண்ணீர் நிரப்பிய மூடியில்லாத தட்டை நாள் முழுக்க உள்ளே வைத்து, கழிக்காத இருள் எண்ணை அவ்வப்போது குறித்தோம். டி மற்ற ஏழோடு சேர்ந்தே நின்றது. பிறகு டார்ட்ராசின் மஞ்சள் கரைசலைப் பாதிப் பாதியாக நீர்த்து, டி வரிசையிலேயே ஒரு தொடராக வைத்துப் படித்தோம். ஒவ்வொரு பாதிக்கும் ஓ.டி.யும் பாதியாகிறதா என்பதுதான் கேள்வி. மேல் முனையில் வளையாமல் நேர்கோடாக வந்தது. இதே கருவியின் விவரத்தாளில் 4 ஓ.டி. வரை அளக்கும் என்று போட்டிருக்கிறது. 405இல் 4 ஓ.டி. என்பது 0.2 பிகோஆம்பியர், இந்த மாற்றியில் ஒரு படிகூட ஆகாது. அந்த நிறத்தில் 2.5க்கு மேல் வந்தால் நீர்த்து மறுபடி படியுங்கள் என்று ஆய்வகத்தாரிடம் சொல்லியிருக்கிறேன்.

பழைய முடிவுகள்

ஆய்வகத் தலைவர் கேட்டார், "கசிவு எவ்வளவுன்னு தெரிஞ்சுபோச்சே, பழைய எண்களை ஒரு ஃபார்முலா போட்டுத் திருத்திடலாமா?" முடியாது என்றேன். நான் அளந்த 5 பிகோஆம்பியர் அன்று மதியத்தின் கசிவு. வேறு நாளில், வேறு எண்ணிக்கை தட்டுகள் உள்ளே போன பிறகு, அது எவ்வளவு இருந்தது என்பதற்குப் பதிவே இல்லை. கழிக்காத எண்களைக் கருவி சேமிப்பதில்லை.

ஆனால் எந்த முடிவுகள் பாதிக்கப்பட்டிருக்கும் என்பதைக் குறுக்க முடிந்தது. டி வரிசை, 2 ஓ.டி.க்கு மேல், நாளின் முதல் சில தட்டுகளுக்குப் பிறகு. மென்பொருளில் நேரமும் குழி எண்ணும் இருந்ததால் பட்டியல் எடுப்பது எளிது. 2.7 போன்ற உயர்ந்த எண்களில் "உண்டு, இல்லை" என்ற தீர்ப்பு மாறப்போவதில்லை. எவ்வளவு இருக்கிறது என்று அளவு சொன்ன சோதனைகள்தான் கவலை. ஓ.டி.யைச் செறிவாக மாற்ற உதவும் ஸ்டாண்டர்டு வளைகோட்டின் மேல் முனை தட்டையாக இருக்கும், அங்கே ஓ.டி.யில் 0.3 குறைந்தால் செறிவில் பாதிக்கும் மேலே கூடக் குறையலாம். அந்த மாதிரிகளில் உறைபதனத்தில் மிச்சம் இருந்தவற்றை எடுத்து, நீர்த்து, ஒன்றை டியிலும் மற்றதை எச்சிலுமாக வைத்து மறுபடி ஓட்டினார்கள். மிச்சம் இல்லாதவற்றின் அறிக்கைகளில் அளவை நீக்கிவிட்டு, "அளவீட்டு வரம்புக்கு மேல்" என்று திருத்தி அனுப்பினார்கள்.